எண்பதாயிரம் வீட்டுக் கணக்கு

அணை முட்ட நிறைந்துவிட்டது. ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கப் போகிறார்கள்; எவ்வளவு தண்ணீர் திறப்பது என்பது இப்போதுதான் முடிவானது. எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் புகும் என்ற பட்டியல் வந்தால்தான் படகுகளை எங்கே அனுப்புவது என்று தெரியும். பட்டியல் போடும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியவர் சிங்காரவேலு. அது ஓடி முடிய மூன்று மணி நேரம் பிடிக்கும். இப்போதே மணி மூன்று.

வாசலில் நின்ற தாசில்தார், "உங்க கம்ப்யூட்டர் சொல்றதுக்குள்ள தண்ணியே வந்து சொல்லிடும் போலிருக்கே" என்றார்.

சிங்காரவேலுவுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவர் மெஹருன்னிசா. வயதில் பத்து வருடம் இளையவர்; இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான். அவசரமாகக் கூப்பிட்டதும் ஓடி வந்தவர், வந்ததும் வராததுமாக, நிரலின் நேரம் எங்கே போகிறது என்று படம் போட்டுக் காட்டும் கருவியைத் திறந்தார். திரையில் வண்ணப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன.

"எது இழுக்குது சார்?"

"இந்தக் கோபுரம்தான் டீச்சர். வெள்ளம் பாயுற கணக்கு. பதினாறு அடுக்கு! மூணு நாளா இதைத்தான் செதுக்கிட்டிருக்கேன்."

"எவ்வளவு குறைஞ்சுது?"

"ரெண்டு நிமிஷம்."

மெஹருன்னிசா மேசையில் கிடந்த ஃபைலை எடுத்துத் திரையை மறைத்தார். அடி வரிசை மட்டும் வெளியே தெரிந்தது.

"இப்ப பாருங்க."

கோபுரத்தின் அடி விரற்கடை அகலம்தான். பக்கத்தில் ஒரு பட்டை திரையின் அந்த ஓரம்வரை படுத்துக் கிடந்தது.

"படத்துல உசரம்னா என்ன சார்?"

"ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிடுறது."

"நேரம்?"

"அகலம்..."

"படுத்திருக்கே, அது என்ன வரி?"

"அது சும்மா டீச்சர். ஒரு வீட்டுக் கணக்கு முடிஞ்சதும் அட்டவணையில கடைசியா சேர்க்கிற வரி."

"எப்படிச் சேர்க்குது?"

"பழைய அட்டவணை முழுசையும் மறுபடி ஒரு பிரதி எடுத்து, அதோட..."

"எத்தனை வீடு?"

"எண்பதாயிரம். அப்ப... எண்பதாயிரம் தடவை பிரதி!"

சிங்காரவேலு எண்பதாயிரம் வீட்டுக்கும் அட்டவணையில் முதலிலேயே இடம் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக நிரப்பும்படி மாற்றினார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தார். ஓட விட்டார். தாசில்தார் உள்ளேயே வந்து நின்றுகொண்டார்.

ஒன்பதாவது நிமிடம் பட்டியல் வந்து விழுந்தது. தாசில்தார் ஊர்ப் பெயர்களை ஃபோனில் கத்திக்கொண்டே ஓடினார்.

சிங்காரவேலு நாற்காலியில் சாய்ந்தார். "மூணு நாளா இது ஏன் டீச்சர் என் கண்ணுல படல?"

"அந்தக் கோபுரத்தை யார்கிட்டயாவது காட்டினீங்களா சார்?"

"காட்டாம இருப்பேனா? கலெக்டர்வரைக்கும் காட்டினேன்."

"இந்த வரியை?"

"இதுல காட்டிப் பெருமைப்பட என்ன டீச்சர் இருக்கு?" என்ற சிங்காரவேலு, தான் சொன்னது தனக்கே உறைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.