உதற மறுத்த பிலிம்

அந்தக் காலத்தில் ஸ்டூடியோக் கிடங்கில் இருந்த பொருள்களெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. கேமரா எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கும். விளக்குகள் வெக்கை தாங்கவில்லை என்று புலம்பும். டி.வி. பெட்டி பேச ஆரம்பித்தால் நிறுத்தவே நிறுத்தாது. அது மட்டும் இன்றைக்கும் அப்படித்தான், விடுங்கள்.

அப்போது டி.வி.க்கென்று ஒரு ராஜா காலத்துத் தொடர் எடுத்தார்கள். பிலிமில்தான் எடுத்தார்கள், பிறகு பெட்டியில் ஓட்டுவதற்காக அதை டேப்பில் இறக்கினார்கள். தேர் ஊர்வலத்துக்குக் கூட்டம் வேண்டுமென்று நாற்பது பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதில் அக்கா தங்கை இரண்டு பேர், செங்கமலமும் வேலம்மாவும். இருவருக்கும் ராஜா காலத்து மார்க்கச்சை கட்டிவிட்டு, மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். தேர் வந்தது, பூத் தூவினார்கள், பொட்டலச் சோறு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் நடிப்பு அவ்வளவுதான்.

பத்தாம் நாள் வேலம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, போய்விட்டாள். பத்தொன்பது வயசு! மாலை போட்டு மாட்டலாமென்றால் வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. அவள் இருந்த வரைக்கும் யாருக்கும் ஒன்று எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

செங்கமலத்துக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடினால் தங்கையின் மூக்கு ஞாபகம் வந்தது, கண் வரவில்லை. கண் வந்தால் வாய் வரவில்லை. இப்படியே அவள் முகம் மொத்தமாக மறந்துபோய்விடுமோ என்று துடித்தாள். உலகத்திலேயே வேலம்மாவின் முகம் பதிவாகியிருப்பது அந்த ஊர்வலத்தில் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தொடர் வந்தது. பக்கத்து வீட்டுப் பெட்டிக்கு முன்னால் மூக்கு இடிக்கிற மாதிரி போய் உட்கார்ந்தாள். ஊர்வலம் வந்தது. மூன்றாவது வரிசையில் மஞ்சளாக ரெண்டு கறை அசைந்தது. எது தான், எது தங்கை என்றுகூடத் தெரியவில்லை.

"என் தங்கச்சி எங்கப்பா?" என்று பெட்டியையே கேட்டுவிட்டாள்.

"என்னைத் திட்டாதம்மா. டேப் என்ன குடுக்குதோ அதைத்தான் காட்டுறேன். அதுக்கு மேல குடுத்தாலும் எனக்குப் பார்வை போதாது" என்றது பெட்டி.

மறுநாள் காலையில் நேரே கிடங்குக்கே போய் நின்றாள். முன் அலமாரியில் டேப் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"மூணாவது வரிசையா? அதையெல்லாம் பிலிம்கிட்டருந்து என் மேல இறக்கும்போதே உதறிட்டேன்க்கா. பெட்டியால காட்ட முடியாததை நான் எதுக்குச் சுமக்கணும்? பூ இதழ், தேர் ஆணி, பின்வரிசை மூஞ்சி எல்லாம் கீழ கொட்டிட்டேன். கிடங்கு பாக்குற கோதண்டம் அண்ணன் பெருக்கி வாரிட்டாரு."

செங்கமலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூலையில் தகர டப்பாக்களில் அடைந்து கிடந்த பிலிம்தான் மெதுவாகப் பேசியது.

"அழாத தாயி. எங்கிட்ட இருக்கா உன் தங்கச்சி. நெத்தி வேர்வையோட இருக்கா."

"காட்டு, ஒரே ஒரு தடவை காட்டு!"

"நான் நெகட்டிவ்மா. என்னை அப்படியே பாத்தா உன் தங்கச்சி கறுப்புப் பல்லோட சிரிப்பா, பயந்துடுவ. அவளைச் சரியாக் காட்டுற பெட்டி இன்னும் பொறக்கலை."

அந்தக் கோதண்டம் அப்போதுதான் உள்ளே வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. இடம் பற்றாமல் அவதிப்படுகிறவர்.

"இந்தாப்பா பிலிம், எத்தனை டப்பாவை அடைச்சுக்கிட்டு இருப்ப? டேப் மாதிரி நீயும் உதறி இளைச்சுடு. முன் அலமாரியில வைக்கிறேன், வாராவாரம் ஓடலாம். மாட்டேன்னா மாடிப்படிக்குக் கீழ இருக்கிற குளிர் அறைதான். ஒரு பய உன்னைத் தேடி வரமாட்டான்."

பிலிமுக்கு ஆசை இல்லாமலா? நாலு பேர் பார்க்கத்தானே அது பிறந்தது! கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, செங்கமலத்தையே கேட்டது.

"நீ சொல்லு தாயி. நான் உதறினா அவ விழுந்துடுவா, திரும்ப வரமாட்டா. உதறலேன்னா நான் இருட்டுக்குள்ள போயிடுவேன். நீயும் அவளைப் பாக்க முடியாது."

செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பாக்காட்டிப் போவுது. உதறாத. எங்கயோ ஒரு இடத்துல அவ முழுசா இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

"அப்ப சரி" என்றது பிலிம்.

கோதண்டம் பெருமூச்சு விட்டார். "உன் இஷ்டம். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. மூடின டப்பாக்குள்ள பேசினா மூச்சு ஈரமாகும். ஈரம் பட்டா நீ அழுகிடுவ, உன்னோட அவளும் போயிடுவா. வாயைத் திறக்காம இரு."

பிலிம் வாயை மூடியது. அவர் டப்பாவை மூடினார்.

வருஷங்கள் ஓடின. டேப்புக்கு ஏக மரியாதை. புதுத் தொடர்களையெல்லாம் அதிலேயே எடுத்தார்கள். எடுக்க எடுக்க அதுவும் உதறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஹெச்.டி. பெட்டி பிறந்தது. அகலக் கண்ணை விரித்துக்கொண்டு, "இருக்கிறதையெல்லாம் கொண்டா" என்றது. டேப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், சாயம் போன துணி மாதிரி வெளுத்துக் கலங்கியது. "உதறிட்டேனே!" என்று அது அழுதென்ன பயன்? வேறு வழியில்லாமல் குளிர் அறைக்குப் போய்ப் பழைய டப்பாக்களைத் திறந்தார்கள். பிலிம் ஒரு புள்ளி கெடாமல் இருந்தது. பேச மட்டும் மறந்துபோயிருந்தது.

செங்கமலத்துக்கு அப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு மத்தியானம் டி.வி. முன்னால் மருமகளோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐய, அத்தே, இது அந்தக் காலத்து நாடகமாச்சே! எப்படி இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு?" என்றாள் மருமகள் கிரிஜா.

ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. செங்கமலம் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். மூன்றாவது வரிசை. வேலம்மா! அதே கண், அதே வாய், நெற்றியில் வேர்வை. ஒன்றும் மறந்துபோகவில்லை, எல்லாம் இருந்தது.

ஆனால் அவள் தேரைப் பார்க்கவில்லை. ஒரு கையால் மட்டும் பூத் தூவிக்கொண்டிருந்தாள். கேமரா அவர்களைத் தாண்டிப் போகும்போது மற்றக் கையும் தெரிந்தது. செங்கமலத்தின் கச்சைக் கயிறு முதுகில் அவிழ்ந்து தொங்க, வேலம்மா அதை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேர் போய் முடிகிற வரைக்கும் விடவில்லை. இத்தனை வருஷத்தில் செங்கமலத்துக்கு அது தெரியவே தெரியாது.

"அடிப் பாவி, சொல்லவே இல்லையேடி" என்று விம்மி விம்மி அழுதாள்.

பிலிம் உதற மறுத்து வாயை மூடிக்கொண்ட அந்த நாளிலிருந்துதான், பிலிமில் எடுத்த பழைய தொடர்கள் ஹெச்.டி. சேனலில் நேற்று எடுத்ததுபோல் துலங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் டேப்பில் வந்தவை எத்தனை இழுத்தாலும் கலங்கியே கிடக்கின்றன.