ஓடி வந்து தாண்டுற கரண்டு

ஒரு ஊர்ல ஒரு கிரைண்டர் இருந்துச்சாம். ம் கொட்டு. நீ ம் கொட்டலேன்னா கிரைண்டர் நின்னுரும்.

கிரைண்டர்காரி பேரு முப்பிடாதி. மாவு ஆட்டி விக்கிறவ. அன்னைக்கு அண்டா நிறைய அரிசி ஊறப்போட்டிருந்தா. விடிஞ்சா ஆஸ்டல் பிள்ளைக எரநூறு பேருக்கு இட்லி. பொழுது சாயறதுக்குள்ள ஆட்டலேன்னா மாவு பொங்காது, பிள்ளைக பட்டினி. ஆனா கிரைண்டரைப் பின்னால புதுக் கொட்டகைக்கு மாத்தியாச்சு. மீட்டர் பெட்டி வாசல்ல இருக்கு. வயர் இழுக்கணும்.

அப்போ வந்தாரு அவ அக்கா புருசன் கோமதிநாயகம். எப்பவோ ஒரு தடவை டார்ச்சு லைட்டுக்கு பேட்டரி மாத்துனவரு. அன்னையிலருந்து தனக்குத்தானே இஞ்சினியர். தோள்ல நூறு மீட்டர் வயர்ச் சுருளு. சேமியா மாதிரி ஒல்லி.

"அத்தான், இது காலிங் பெல்லுக்குப் போடுறதுல்லா? கிரைண்டருக்குக் காணுமா?"

"ஏ புள்ள, ஓஸ் பைப்பு வாயை அமுக்குனா தண்ணி எப்படிச் சீறுது? ஒல்லி வயர்ல கரண்டும் அப்படித்தான் சீறும்."

"இருபது மீட்டர் போதுமே, வெட்டிருவமா?"

"முழுசா வாங்குன சுருளை வெட்டுனா வெளங்குமா? ராசி போயிரும்!"

மிச்சத்தை ஜாங்கிரி மாதிரி சுத்தி ஓரமா வச்சாரு. சுவிட்சு டக்கு. கிரைண்டர் "ம்ம்ம்ம்"னுச்சு. உன்னை மாதிரியே ம் கொட்டுச்சே ஒழிய, கல்லு அரைச் சுத்து சுத்திட்டுப் படுத்துருச்சு.

"கல்லு கனம். அரிசியைக் குறை"ன்னாரு. குறைச்சா. டக்கு. "ம்ம்ம்ம்." கல்லு அசையல.

அப்புறம் மேதை என்ன செஞ்சாரு தெரியுமா? இன்னொரு சுருளைக் கொண்டாந்து முடிச்சுப் போட்டாரு. "நீளம் தாண்டுறவன் பின்னாலருந்து ஓடி வந்தாத்தானே தூரமாத் தாண்டுவான்? கரண்டுக்கும் ஓடி வர எடம் வேணும்."

டக்கு. இப்போ ம் கூட இல்ல, முனகல்தான். ஜாங்கிரியிலருந்து புஸ்ஸ்ஸுனு புகை. பிளாஸ்டிக் கருகுற நாத்தம்.

"பாத்தியா, ஓடுன ஓட்டத்துல கரண்டுக்கு வேர்த்துருச்சு!"

முப்பிடாதி சுவிட்சை அணைச்சு, மாட்டுன வயரைப் பிடுங்கிட்டு, தொட்டுப் பாத்தா. தோசைக்கல்லு மாதிரி சுட்டுச்சு.

"அத்தான், நீங்க சொன்னது பைப்போட வாயை மட்டும் அமுக்குறது. பைப்பே ஜூஸ் உறிஞ்சுற குழாய் தடிமன்ல, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீளமா இருந்தா தண்ணி சீறுமா, சொட்டுமா? இந்த ஊசிச் சந்துல அம்புட்டுத் தூரம் முண்டியடிச்சு, கரண்டோட தெம்பு பாதிக்கு மேல வழியிலயே சூடாப் போயிருச்சு. கல்லுக்கு மிச்சம் என்ன இருக்கு, உங்க பேச்சுதான்."

ஓட்டமா கடைக்குப் போனா. நல்ல தடி வயரா வாங்கிட்டு வந்தா. சுவரோரமா நேரா இழுத்து, இருபதாவது மீட்டர்ல அத்தான் கண்ணு முன்னாலயே நறுக்!

"ஐயோ, ராசி!"

டக்கு. கடகடகட... கிர்ர்ர்ர்ர்! கல்லு பிச்சுக்கிட்டுச் சுத்துது. ராத்திரியெல்லாம் மாவு பொங்குச்சு. காலையில ஆஸ்டல்ல "இன்னும் ரெண்டு"ன்னு ஒரே கூச்சல்.

அந்த ஒல்லி வயர் எங்கேங்கியா? அக்காக்காரி மொட்டைமாடியில கொடியாக் கட்டிட்டா. "வெட்டலைங்க, முழுசாத்தான் கட்டிருக்கேன்"னா. அதுல இஞ்சினியர் வேட்டி காயுது, நடுவுல ஒரு கரிக்கோடோட. ஒரு வேட்டி. அந்த வயர் தாங்குறது அம்புட்டுத்தான்.

கல்லைக் கழுவிக் கவுத்தாச்சு. ம் கொட்டுனது போதும், கண்ணை மூடு.