கரடி சொன்ன சாட்சி

பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், உடனே சுவருக்கு வெள்ளையடிக்கிற ஊர் ஒன்று இருந்தது. தேவமல்லி நகரம் என்று பெயர். அதன் ராஜா வீரகேசரிக்கு ஒரே ஒரு குறை. ஐம்பத்தாறு தேசத்து மிருகக்காட்சிசாலைகளும் சேர்ந்த பெரிய சங்கத்தில் அவருடைய மிருகக்காட்சிசாலைக்கு இடமில்லை. பக்கத்து ராஜா சேர்ந்துவிட்டார் என்று கேட்டதிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஓலைமேல் ஓலை அனுப்பினார். கடைசியில் பதில் வந்தது. "வெள்ளிக்கிழமை எங்கள் பரிசோதகர் வருவார். மிருகங்களைச் சங்கிலியில் கட்டி வைக்கக்கூடாது. அதுதான் விதி."

அப்பாடா! அங்கே எந்த மிருகத்துக்கும் சங்கிலி கிடையாது. ஆனால் பிரதானி வரதராயர் சும்மா இருப்பாரா? புதன்கிழமை சாயங்காலமே ஆள் விட்டு எல்லாச் சுவருக்கும் வெள்ளையடித்தார். கரடி கருப்பாயி கஞ்சி குடிக்க உள்ளறைக்குப் போன நேரம் பார்த்து அதன் கொட்டடியையும் விடவில்லை.

"ஐயா, அது சுவர்ல முதுகு தேய்க்குமே" என்றான் கரடியை வளர்த்த இருளப்பன்.

"கரடியைக் கேட்டா வெள்ளையடிக்கணும்? போடா!" என்றார் பிரதானி.

வியாழக்கிழமை விடிந்தது. கருப்பாயி பாதி வெள்ளாயி ஆகி நின்றது! ராஜா தலையில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கோட்டை வாசலில் கொம்பு ஊதியது. பரிசோதகர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

"எல்லாம் இவனால்தான் மகாராஜா! கரடியைக் கட்டிப் போட்டிருந்தால் இப்படி ஆகுமா?" என்று பிரதானி பழியைத் தூக்கி இருளப்பன் தலையில் போட்டார்.

"சங்கத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் நீ இந்த ஊரிலேயே இருக்கக்கூடாது!" என்று ராஜா இருளப்பனைப் பார்த்துக் கத்தினார்.

இருளப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் இல்லேன்னா கருப்பாயி பட்டினி கிடந்தே செத்துப்போகும் சாமி!"

அரண்மனைச் சாதுரியக்காரன் திருமேனி அங்கேதான் நின்றான். பிரதானி சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. "அழாதே இருளப்பா. கரடி அப்படியே இருக்கட்டும், துடைக்காதே" என்றான்.

பரிசோதகர் வந்தார். பல தேசம் சுற்றியவர், தமிழும் பேசுவார். கரடியைப் பார்த்து, "இது என்ன மிருகம்?" என்றார்.

பிரதானி மெல்ல ராஜாவின் முதுகுக்குப் பின்னால் போனார்.

"கரடிதான் ஐயா. சுண்ணாம்பு பூசிக்கொண்டது" என்றான் திருமேனி.

"அது கிடக்கட்டும். போன ஊரில் நான் வாசலில் கால் வைத்த பிறகு அவசர அவசரமாகச் சங்கிலியை அவிழ்த்தார்கள். இங்கேயும் அப்படி இல்லை என்பதற்கு யார் சாட்சி?"

"கரடிதான் சாட்சி!"

"என்னய்யா, விளையாடுகிறாயா?"

"இல்லை ஐயா. நாலு சுவரையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கரடி முடி ஒட்டியிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் அடித்த சுண்ணாம்பு இப்போது காய்ந்துவிட்டது. காய்ந்த சுவரில் முடி ஒட்டுமா? நீங்கள் இன்றைக்கே வருவீர்கள் என்று தெரியாத நேற்று ராத்திரியே இது நாலு சுவரிலும் முதுகு தேய்த்திருக்கிறது. கட்டிப் போட்ட கரடியால் அது முடியுமா?"

பரிசோதகர் சுவரைத் தடவினார், முடியை இழுத்தார். வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "இந்த மாதிரி சாட்சி எந்த தேசத்திலும் கிடைக்கவில்லை!" என்று அங்கேயே சங்கத்து முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

இருளப்பன் கருப்பாயியைக் கட்டிக்கொண்டான். ராஜா இருளப்பனுக்குப் பட்டு போர்த்தினார். பிறகு திரும்பி, "திருமேனி, உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்றார்.

பிரதானி முந்திக்கொண்டு முன்னால் வந்தார். "மகாராஜா! வெள்ளையடிக்கச் சொன்னது அடியேன். பரிசு எனக்கல்லவா?"

"நியாயம்தான் மகாராஜா" என்றான் திருமேனி. "சுண்ணாம்பு அவர் உபயம். கரடியைக் குளிப்பாட்டுகிற பாக்கியமும் அவருக்கே போகட்டும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருளப்பன் பணிவோடு ஒரு குடம் தண்ணீரைப் பிரதானி கையில் கொடுத்துவிட்டுக் கொட்டடிக் கதவைத் திறந்துவிட்டான்.