இரவல் நாக்கு

திருடனைக் கண்டுபிடிக்கும் கதை என்று நினைத்து யாரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டாம். இதில் திருடன் கடைசிவரை அகப்படப் போவதில்லை. ஒருவனுடைய கை போகிறது. அது யாரால் போனது என்பதுதான் புதிர்.

பவளங்கோட்டைக்கு வெளியே, கடலோரம் உப்பளம். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தொண்டை பெரிது. நாலு பாத்தி தள்ளி நிற்பவளிடம் பேச வேண்டுமென்றால் கடல்காற்றை மீறிக் கத்தத்தான் வேண்டும். அன்பையும் கத்தித்தான் சொல்வார்கள், சண்டையையும் கத்தித்தான் போடுவார்கள். ராசாவே வந்தாலும் ‘நீ’தான். மரியாதையெல்லாம் கும்பிடுகிற கையில் இருக்கும். கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு இது தெரியாது; தெரிந்துகொள்ளும் அவசியமும் அவர்களுக்கு வந்ததில்லை.

மாடத்தி அந்த உப்பளத்தில் பிறந்தவள். அவள் தங்கை பிச்சியும் அங்கேதான் பிறந்தாள், ஆனால் கெட்டிக்காரி. சின்ன வயதிலேயே கோட்டைக்குள் போய், குரலைத் தணித்து, நாக்கைப் பழக்கி, ஆற்றங்கரை ஊர்க்காரி என்று சொல்லிக்கொண்டு, துணி வணிகர் சிதம்பரநாதர் வீட்டில் பங்கஜவல்லி என்ற பெயரில் வேலைக்கு அமர்ந்துவிட்டாள். வணிகரின் மனைவிக்கு அவள் பேச்சென்றால் உயிர்.

மாடத்தியின் கணவன் கொம்பையா அந்த வீட்டுக்கு உப்பு கொண்டுபோவான். முதல் தடவை கொல்லை வாசலில் கொழுந்தியாளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரிய, “ஏட்டி பிச்சி!” என்று கூப்பிட்டான். அவள் குரலை உயர்த்தாமல், “தாங்கள் யாரென்று தெரியவில்லையே” என்றாள். கொம்பையா மூட்டையை இறக்கிவிட்டு வந்து, அதை வீட்டில் சொல்லிச் சிரித்தான். மாடத்தியும் சிரித்தாள். தங்கை அவ்வளவு நன்றாகப் பேசுகிறாளே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் அந்த வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போனது. அன்று உப்பு இறக்க வந்த கொம்பையாவைப் பிடித்துக் காவலில் போட்டார்கள். களவு என்று முடிவானால் வலக்கையை வெட்டுவது அந்த ஊர்த் தண்டனை. அவன் கொல்லை வாசலைத் தாண்டவே இல்லை என்பது ஒரே ஓர் ஆளுக்குத் தெரியும். உப்பை அளந்து வாங்கியவள் பங்கஜவல்லி.

மாடத்தி நியாய சபைக்கு ஓடினாள். நியாயாதிபதி தேவநாயகர் முன்னால், கும்பிட்ட கை இறங்காமல், “எம் புருசன் களவாங்கலய்யா! நீ கண்ணால பாத்தியா?” என்று காற்றில் பேசிப் பழகிய குரலில் கேட்டாள். சபை சிரித்தது. தேவநாயகர் காதைப் பொத்திக்கொண்டார்.

“என்னையே நீ என்கிறாள். இப்படிக் கத்துகிறவள் வீட்டில் களவு இல்லாமல் வேறென்ன இருக்கும்? போ, பேசக் கற்றுக்கொண்டு வா. பௌர்ணமியன்று தீர்ப்பு.”

மாடத்தி தெப்பக்குளத்துப் படியில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். “நீ வந்து ஒரு வார்த்த சொல்லுட்டி. அத்தான் உள்ளயே வரலன்னு சொல்லு, போதும்.”

சாட்சி சொல்ல எழுகிறவர் பிறந்த ஊரையும் உறவையும் முதலில் சத்தியம் செய்து சொல்லியாக வேண்டும். பங்கஜவல்லி அழுதாள். அழுகையிலும் சத்தம் வரவில்லை.

“சொன்னால் அன்றைக்கே நான் தெருவில் நிற்பேன், அக்கா. பேசக் கற்றுக்கொண்டுதானே வரச் சொன்னார்? நான் சொல்லித் தருகிறேன்.”

சொல்லியும் தந்தாள். எங்கே குரலை இறக்குவது, எங்கே நியாயாதிபதியைச் ‘சமூகம்’ என்று விளிப்பது, எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் மாடத்தி கற்றாள். கணவன் கைக்காகக் கிளியாகவும் ஆகத் தயாராக இருந்தாள்.

பௌர்ணமியன்று சபையில் நின்று, “சமூகத்துக்கு விண்ணப்பம். என் கணவர் குற்றமற்றவர். கொல்லை வாசலுக்கு உள்ளே அவர் அடியெடுத்து வைக்கவே இல்லை” என்றாள். ஒரு பிசிறு இல்லை. தேவநாயகரின் புருவம் ஏறியது.

“அன்று கூவியவள்தானே இவள்? உப்பளத்துக்காரிக்கு இந்த நாக்கு எங்கிருந்து வந்தது? கணவனின் கை போகப் போகிறது, இவளோ சொல்லை அளந்து அளந்து வைக்கிறாள். வலி உள்ளவள் பேச்சா இது? யார் சொல்லிக் கொடுத்தது?”

சபையின் ஓரத்தில், வணிகரின் மனைவிக்குப் பின்னால், வெற்றிலைப் பெட்டியோடு பங்கஜவல்லி நின்றிருந்தாள். மாடத்தி அவளைப் பார்த்தாள். தங்கை வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

“ஒருத்தரும் சொல்லிக் குடுக்கலய்யா!” மாடத்திக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

“பொய்” என்றார் தேவநாயகர். அன்று பொழுது சாய்வதற்குள் கொம்பையாவின் வலக்கை போயிற்று.

சில நாள் கழித்துப் பங்கஜவல்லி உப்பளத்துக்கு வந்தாள். வரப்பில் விழுந்தடித்து ஓடிவந்து, பாத்தியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, “யக்கா! ஏ யக்கா! அத்தானுக்குக் கஞ்சி ஊத்தவாவது என்னைய விடுக்கா!” என்று பிறந்த குரலில் கதறினாள். கணவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மாடத்தி நிமிர்ந்தாள். அவள் குரல் உயரவில்லை.

“தாங்கள் யாரென்று தெரியவில்லையே” என்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கத்தினால் களவு, தணிந்து பேசினால் பொய் என்ற தேவநாயகரா? உண்மையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நாக்கை மட்டும் இரவல் கொடுத்த தங்கையா? கேட்ட இடத்திலும் தங்கையைக் காட்டிக்கொடுக்காத மாடத்தியா? கொம்பையாவின் கை யாரால் போனது?

விடை: தங்கை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அவள்மேல் எனக்கும் ஆத்திரம் உண்டு. மாடத்தி வாய் திறந்திருக்கலாமே என்ற வருத்தமும் உண்டு. ஆனால் கதையைத் திரும்பப் பாருங்கள். இரண்டு விசாரணையிலும் தேவநாயகர் சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? கொல்லை வாசல் என்று மாடத்தி சொன்ன பிறகாவது, அங்கே உப்பை வாங்கியது யார் என்று கேட்டிருந்தால், பங்கஜவல்லி தானாக வர வேண்டியிருந்திருக்காது. சபையே அவளை அழைத்திருக்கும். அவர் விசாரித்தது களவை அல்ல, குரலை. கை போனது அவரால்தான். அதற்குப் பிறகும் நெடுங்காலம் அவர் அந்த ஆசனத்தில் இருந்தார். அவருடைய தீர்ப்புகளில் தமிழ் மிக அழகாக இருக்கும் என்று கோட்டைக்குள் இன்றும் சொல்கிறார்கள்.