சீனியம்மாள் அடுக்கிய வளையல்

பெரியவீட்டுக் குமுதவல்லி அம்மாளுக்கு அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. வேணியின் வளைகாப்புக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். வேணியின் அக்கா தெய்வானை ஆசையாக முதல் வளையலை எடுத்தாள்.

"கீழே வை! ஆறு வருஷமாப் பிள்ளை இல்லாதவ தொடலாமா? பெத்தவ கைதான் ஆகும்" என்றாள் குமுதவல்லி.

தெய்வானையின் கண் கலங்கிவிட்டது. வளையல்காரி சீனியம்மாள் தன் கூடையைக் கட்டத் தொடங்கினாள்.

"நீ எங்கடி கிளம்பிட்டே?" என்றாள் குமுதவல்லி.

"எனக்கும் பிள்ளை இல்லையே, தாயி. உங்க மூணு வளைகாப்புக்கும் வளையல் அடுக்கினது இந்தக் கைதான். மூணு பிள்ளைகளும் சௌக்கியம்தானே?"

கூடமே சிரித்தது.

வேணி தெய்வானையிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள். "நீயே போடுக்கா."