மூன்றாவது தெருவில் வராத வெள்ளம்

மழைக்கு முன் அல்லிநகரில் வடிகால் வெட்டியாக வேண்டும். எந்தத் தெருவில் என்பதுதான் பொறியாளர் சிகாமணியின் தலைவலி. தெரு மாறினால் போன வருஷம் போலவே தண்ணீர் ஜனங்களின் அடுக்களை வரைக்கும் வந்து நிற்கும்.

வெள்ளம் எந்த வழியாக வந்தது என்று கேட்க மூன்று கூட்டம் போட்டார். முதலாவதுக்கு ஐந்து பேர் வந்தார்கள். இரண்டாவதுக்கு இரண்டு பேர். மூன்றாவதுக்குச் சமோசா சொல்லியிருந்தார். சமோசா மட்டும் வந்தது.

மனம் வெறுத்துப்போய்த் தன் குருவிடம் போனார். குரு பூங்காவனம் சுவர் ஓவியர், அவரைவிடப் பதினேழு வயது இளைய பெண். ஞாயிறுதோறும் அவரிடம் சிகாமணி ஓவியம் கற்கிறார். ஒரு வருஷத்தில் கைவந்தது காக்கை ஒன்றுதான்.

"யாரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க, குருவே."

"நாளைக்குக் காலைல வாங்க சார்."

காலை ஆறு மணிக்கு அல்லிநகர் முச்சந்தியில் குரு கோலப்பொடியால் ஊரையே வரைந்துகொண்டிருந்தார். தெருக்கள், கோயில், ரேஷன் கடை. கடைசியில் நீலப்பொடியை எடுத்து, போன வருஷ வெள்ளத்தை மூன்றாவது தெருவில் ஓடவிட்டார்.

சிகாமணி பதறிப்போனார். "அது மேடாச்சே. தப்பு, குருவே."

"பேசாம நில்லுங்க சார்."

பால் வாங்க வந்த அம்மாள் நின்றார். "யாரு வரைஞ்சது இது? என் சிலிண்டர் மிதந்து போனது அஞ்சாவது தெருவுல."

மூன்றாவது தெரு ஞானப்பிரகாசம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "எங்க தெருவுல சொட்டுத் தண்ணி வரல. நான் வீடு விக்கிற நேரத்துல இப்படியா வரைவீங்க?" என்று காலாலேயே வெள்ளத்தைத் துடைத்தார்.

"கல்யாண மண்டபத்துச் சுவரைப் போடுங்க. அதுதான் தண்ணிய மறிச்சுது" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"அந்தப் பொடிய இங்க குடும்மா, நான் போடறேன்" என்று இன்னொருவர் குருவிடம் கையை நீட்டினார்.

எட்டு மணிக்கு முச்சந்தியில் நாற்பது பேர். வெள்ளம் ஐந்தாவது தெருவுக்கு மாறியிருந்தது. நீலப்பொடி தீர்ந்துபோக, யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். சிகாமணி தன் வரைபடத்தைப் பிரித்தார். அதில் வடிகால் நான்காவது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கும் முன் ரப்பரை எடுத்தார்.

எல்லோரும் போனபின் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இதைச் சுத்தமா வரைஞ்சு அடுத்த கூட்டத்துல மாட்டிடறேன், குருவே. ஒரு தப்பு இருக்காது."

குரு கையிலிருந்த பொடியைத் தட்டினார்.

"ஒண்ணாவது இருக்கட்டும் சார். இல்லேன்னா மறுபடியும் நீங்களும் சமோசாவும்தான்."