வரகுக்கோழிக்குப் போட்ட மறைப்பு

"ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லைங்க சாமி" என்றார் நாச்சிமுத்து.

சாமியம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆரு?"

"ஆருமேதானுங்க."

சாமியம்மாவுக்கு நாச்சிமுத்துவின் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மேய்ச்சல்காட்டு ஓரத்தில் ஒரு ஓட்டுச்சாளை, ஒரு தண்ணீர்த்தொட்டி, நாலைந்து கோரைப்பாய். மடம் என்றால் அவ்வளவுதான். உபதேசம் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர், இந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். மீதிப் பேர் மறுபடி மறுபடி வந்தார்கள். நாச்சிமுத்து மறுபடி வருகிற ரகம்.

"எம் பொண்டாட்டி தெய்வாத்தா போனதுக்கு அப்பறம் வாசப்படி மிதிக்க ஆளில்லைங்க. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேன். காலைல உழுந்தவன், பொழுது எறங்கற வரைக்கும் அங்கியேதான் கெடந்தேன். பக்கத்து ஊட்டுல டிவி ஓடுது. செவுத்துக்கு அந்தப் பக்கம் சிரிக்கறாங்க. இங்க ஒருத்தன் கெடக்கறான்னு ஆருக்காச்சும் தெரிஞ்சுதா?"

"அப்பறம்?"

"அப்பறம் என்னங்க, நானே செவுத்தப் புடிச்சு எந்திரிச்சேன்."

இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது.

"புள்ளைங்க?"

"ஒரே மகளுங்க. கட்டிக் குடுத்தாச்சு. ஆத்தாளுக்குக் காரியம் முடிஞ்ச அன்னிக்கு, எங்கூட வந்துருங்கப்பான்னா. எனக்கென்ன கொறச்சல்னுட்டேன். மறுக்காச் சொல்லுவான்னு பாத்துட்டே இருந்தேன். சொல்லலீங்க."

"போன்?"

"ஆரம்பத்துல தெனமும் பண்ணுனா. சாப்புட்டீங்களாம்பா. சாப்புட்டேம்பேன். வெச்சுருவா. அதும் நின்னு போச்சு. பெத்த புள்ளைக்கே நெனப்பு இல்லாதப்ப ஊரச் சொல்லி என்ன பண்றதுங்க?"

சாமியம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"அதுக்கு?"

"எனக்குக் காவி குடுத்துருங்க சாமி. எப்படியும் ஒண்டியாத்தான் இருக்கேன். அதையாச்சும் மொறையா இருந்துட்டுப் போறேன்."

துணியைக்கூடத் தானே வாங்கி வந்திருந்தார். கடையில் "பழனிக்குங்களா?" என்று கேட்டபோது, விளக்கம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு "ஆமா" என்று சொல்லிவிட்டார். துறவுக்குப் போகிற மனிதர் முதல் படியிலேயே பொய் சொன்னதுதான் மிச்சம்.

சாமியம்மா அந்தப் பையை வாங்கி ஆணியில் மாட்டினார்.

"குடுக்கலாங்க. நாளைக்குக் காலைல காட்டுல வரகுக்கோழி பாத்துட்டு வந்து குடுக்கறேன்."

"கோழியா? எதுக்குங்க?"

"மழை பேஞ்சிருக்குதுல்ல" என்றார் சாமியம்மா. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பலபலவென்று விடியும்போது இருவரும் மேய்ச்சல்காட்டுக்குள் நடந்தார்கள்.

மழைக்குக் கொழுக்கட்டைப்புல் இடுப்பு உயரம் வளர்ந்து கிடந்தது. வேட்டி நனைந்து காலைக் கவ்வியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் புல்தான். நடுவில் ஒரு வேலமரம், அதன் முன்னால் சோளத்தட்டை வைத்துக் கட்டிய ஒரு மறைப்பு. ஆள் குனிந்து நுழையலாம், நுழைந்தால் குந்தலாம், நிற்க முடியாது. முன்பக்கம் பார்ப்பதற்கு ஒரு சந்து விட்டிருந்தது.

இருவரும் உள்ளே போய்க் குந்தினார்கள்.

சாமியம்மா மூச்சு வாங்கி முடித்ததும் குனிந்தபடியே வாசல் பக்கம் நகர்ந்தார்.

"எங்கீங்க?"

"வெளிய போறேன்."

"அப்பறம் எதுக்கு உள்ள வந்தீங்க?"

"ரெண்டு பேர் உள்ள வந்தத அது பாத்துட்டு இருக்கும். ஆராச்சும் வெளிய போறதையும் பாக்கோணும். அதுக்கு எண்ணத் தெரியாது. ஒருத்தர் போனா எல்லாரும் போயாச்சுன்னு நெனச்சுக்கும்."

"உள்ள நான் இருக்கறது?"

"தெரியாதுங்க. ஆளில்லாத எடம்னு நெனச்சுக்கும்."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இரண்டு பேர் இருந்த வீடு. ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரே வாசலில் நின்று பார்த்தது.

அதற்கு மேல் யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

"நான் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் வெளிய வந்துராதீங்க" என்றார் சாமியம்மா. "ஆளில்லைன்னு நெனச்ச எடத்துல இருந்து ஆள் வந்தா, அப்பறம் அது இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காது."

"பேசலாமுங்களா?"

"ஆருகூட?"

சாமியம்மா புல்லை விலக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். தலை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது.

காட்டில் ஒரு சத்தமும் இல்லை.

நாச்சிமுத்து சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தார். புல். பார்த்தார். புல். இதைப் பார்க்கத்தானா நேற்று ராத்திரி கோரைப்பாயில் புரண்டோம் என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

அப்போது அது எகிறியது.

புல்லுக்குள்ளிருந்து யாரோ தூக்கிப் போட்டதுபோல் ஒரு கறுப்புக் கோழி நேரே மேலே வந்தது. தவளை கத்துகிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். இறக்கையில் வெள்ளை. காதோரம் நாலைந்து நீண்ட மயிர் காற்றில் நெளிந்தது. அந்தரத்தில் காலை உதைத்துக்கொண்டது. தொப்பென்று விழுந்தது.

மறுபடி புல்தான். அங்கே ஒரு கோழி இருந்ததற்கு அடையாளமே இல்லை.

நாச்சிமுத்துவின் வாய் பிளந்துவிட்டது. மறுபடி எகிறியது. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அடியே, பாத்தியா?" என்று பக்கத்தில் திரும்பினார்.

சோளத்தட்டு இருந்தது.

அவர் ரொம்ப நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டில்கூட வராத அழுகை இப்போது வந்தது. சத்தம் வரக்கூடாது என்று துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். ஒரு நல்லதைப் பார்த்தால் அதைச் சொல்வதற்கு ஆளில்லாமல் போவது இருக்கிறதே, அது பட்டினியை விடப் பொல்லாதது.

கோழி அவரைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அது எகிறிக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் நாச்சிமுத்து விஷயத்தைக் கணித்தார். இது சேவல். பெட்டையைக் கூப்பிடுகிறது. சரி, பெட்டை எங்கே?

இடது பக்கம் தேடினார். வலது பக்கம் தேடினார். ஒரு புல்லும் அசையவில்லை.

வெயில் ஏறியது. பெட்டை வரவில்லை. சேவல் எகிறியது.

"வெக்கங்கெட்ட பய" என்று முணுமுணுத்தார் நாச்சிமுத்து. "வரலைன்னா போயேண்டா. இப்படியா ஊரறியக் குதிக்கறது?"

அவருக்கு அந்தக் கோழிமேல் கோபமே வந்தது. தானாக இருந்தால் ஒரு தரம் எகிறியிருப்பார். அதுவும் சந்தேகம்தான். யாராவது வருகிறார்களா என்று புல்லுக்குள் கம்மென்று உட்கார்ந்திருப்பார். வராவிட்டால் வராதவர்களைத் திட்டுவார்.

உச்சிப்பொழுது நெருங்கியபோது கோழி ஓய்ந்துவிட்டது.

காடு மறுபடி வெறும் புல்லாகியது. இத்தனை நேரம் அதைப் பார்த்த அவருக்கே அது எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. அது இருக்கிறதா, போய்விட்டதா? நின்றால் இல்லை, எகிறினால்தான் உண்டு. இப்போது அது இல்லவே இல்லை.

நாக்கு வறண்டது. காலை நீட்ட இடமில்லை. மெல்ல எழலாம் என்று பார்த்தால் வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. பாத்ரூமில் அடிபட்ட அதே கால். தட்டைப் பிடித்தார், தட்டு வளைந்தது. பிடித்துக்கொள்ள இங்கே சுவரும் இல்லை.

சாமியம்மா வரவில்லை.

வருவார் என்று இருந்தார். வரவில்லை.

"இந்தம்மாவும் மறந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டார். அப்படிச் சொன்னதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. மனசுக்குள் ஒரு பஞ்சாயத்தைக் கூட்டினார். மகளை நிறுத்தினார், பக்கத்து வீட்டுக்காரனை நிறுத்தினார், கடைசியில் சாமியம்மாவையும் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லாரும் குற்றவாளி. தீர்ப்பு அருமையாக இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

முழங்கால் தெறித்தது. இப்படியே கிடந்து செத்தாலும் தெரியாது என்று நினைத்தார். போன மாதமும் ஈரத்தரையில் கிடந்து இதையேதான் நினைத்தார்.

அப்போது அந்தக் கோழி மறுபடி எகிறியது.

இந்த முறை அதற்குத் தெம்பில்லை. பாதி உயரம்தான் வந்தது. தலை மட்டும் புல்லுக்கு மேலே ஒரு கணம் தெரிந்தது, கண் சூரியனில் மின்னியது, விழுந்துவிட்டது. கரகரச் சத்தம்கூட முழுசாக வரவில்லை. கேட்பாரில்லாத காட்டில், கொளுத்துகிற வெயிலில், வராத பெட்டைக்கு அது இன்னொரு தரம் எகிறியிருந்தது.

நாச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை.

கோழி பயந்து போனால் போகட்டும். சாமியம்மா கோபித்தால் கோபிக்கட்டும். "சாமி" என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தார்.

வந்தது வேறு.

"அம்மிணீ!"

காடே அதிர்ந்தது. அவரே திடுக்கிட்டார்.

மகள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவர் அவளைக் கூப்பிட்டது அப்படித்தான். பெயர் என்று ஒன்று வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும்தான் அது உதவியது. தெய்வாத்தாவை எடுத்த பிறகு இந்த வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை.

"அம்மிணீ, கால் பூட்டிக்கிச்சுடா! வந்து தூக்கி உடு!"

தட்டுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"இருக்கேனுங்க."

சாமியம்மா தட்டை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். சேலை முழுக்கப் புல்விதை. தலையில் வேலமரத்து இலை உதிர்ந்து ஒட்டியிருந்தது.

"இங்கியேதான் இருந்தீங்களா?"

"ஆமாங்க. அப்படிச் சுத்தி வந்து மரத்தடில உக்காந்துட்டேன்."

"காலைல இருந்தேவா?"

"காலைல இருந்தே."

நாச்சிமுத்துவுக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. "உசுரு போற மாதிரி கெடக்கறேன். ரெண்டடி தூரத்துல உக்காந்துட்டு, ஒரு எட்டு வந்து பாக்கக் கூடாதுங்களா?"

"நீங்க கூப்புடலீங்களே."

"அதான் இப்பக் கூப்புட்டனல்லங்க!"

சாமியம்மா குனிந்து, அவர் அக்குளில் கை கொடுத்து வெளியே கொண்டுவந்து தூக்கி நிறுத்தினார். அவர் நிதானமாக நிற்கிறவரை விடவில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என்னையவா கூப்புட்டீங்க?"